‘டோக்கன் வாங்கிக்கொள்ளவும்’: சேலத்து அங்கத எலெக்ட்ரானிக் ஆல்பம், பாட்டு வாரியாகச் செய்முறை

ஓசைத்தறி (இழை தொடங்கியவர்)

வணக்கம். ‘டோக்கன் வாங்கிக்கொள்ளவும்’ என்ற தனி ஆல்பம் முடிந்துவிட்டது. ஆறு பாட்டு. களம் சேலமும் ஏற்காடும்தான். ஒவ்வொரு பாட்டும் எதைக் கிண்டல் செய்கிறது, எப்படிக் கட்டப்பட்டது என்று இங்கே எழுதுகிறேன். செய்துபார்க்க விரும்புகிறவர்களுக்கு எண்களும் தருகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ராகம் புரியாமல் பாட்டை ரசிக்கலாம், கிண்டல் புரியாமல் ரசிக்க முடியாது. முதல் தடவை கேட்கும்போதே சொல் காதில் விழ வேண்டும். அதனால் டெம்போ, சுருதி, வோகோடர் (பேச்சை இயந்திரக் குரலாக்கும் கருவி), மிக்ஸிங் எல்லாமே இந்த ஆல்பத்தில் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. பேஸ் (தாழ் ஓசை) எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் சொல்லை மறைத்தால் வெட்டிவிட்டேன்.

முதல் பாட்டு, ‘இருபது வளைவு’. இயற்கையைத் தேடி எல்லாரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை கிளம்பி, முன்னால் நிற்கும் காரின் புகையைச் சுவாசிக்கிற கதை. சேலம்–ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. பாட்டிலும் அதே கணக்கு. நிமிடத்துக்கு 118 தட்டில் தொடங்கும், வளைவுக்கு 2 வீதம் குறையும், 78-இல் நிற்கும். சரிவாகக் குறைக்கவில்லை, படிப்படியாக வெட்டிக் குறைத்தேன். பஸ் வளைவில் கியர் மாற்றுவதும் அப்படித்தானே.

பேஸ் வரிசை எஞ்சின் கணக்கிலிருந்து வந்தது. ஆறு சிலிண்டர், நான்கு வீச்சு டீசல் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு. நிமிடத்துக்கு 1,000 சுற்று என்றால் 50 ஹெர்ட்ஸ், 2,000 என்றால் 100. மேல் கியருக்குப் போகும்போது சுற்று 2,000-இலிருந்து 1,300-க்கு விழுந்தால் ஓசை 100-இலிருந்து 65-க்கு இறங்கும். ஏழு அரைச்சுரத்துக்குச் சற்றே கூடுதல். சாதாரண ஸா (saw, ரம்பப் பல் வடிவ) அலையில் இந்தச் சறுக்கலை 180 மில்லிவிநாடியில் வைத்தால் கேட்பவருக்குப் பஸ் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இதில் கெடக்கூடிய இடம் டிலே, அதாவது ஓசையைத் தாமதித்து எதிரொலிக்கும் எஃபெக்ட். 118 தட்டில் ஒரு தட்டு டிலே 508 மில்லிவிநாடி, 78-இல் 769. டெம்போ மாறும் நொடியில் டேப் வகை டிலே சுருதியை இழுத்து ஊளையிடும். டெம்போ மாறுவதற்கு ஒரு தட்டு முன்னால் எதிரொலியைத் திரும்பத் திரும்ப வரவைக்கும் ஃபீட்பேக்கைச் சுழியத்துக்கு இறக்கி, மாறிய பிறகு திரும்ப ஏற்றினால் சுத்தமாக இருக்கும்.

இரண்டாவது, ‘தள்ளுபடித் தறி’. ஆடி மாதத்து ஆட்டோ அறிவிப்பும் விசைத்தறியும். கிண்டல் முழுவதும் அறிவிப்புக் குரலின் மேல்தான். தறியில் கிராங்க் தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் நாடா (ஊடை நூலைக் கொண்டு ஓடும் கட்டை) ஒரு தடவை குறுக்கே ஓடும், அடி ஒரு முறை இடப்பக்கம், மறுமுறை வலப்பக்கம். நிமிடத்துக்கு 120 ஓட்டம் ஓடும் தறியை அப்படியே 120 தட்டாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது ‘சிறப்பு விருந்தினர்’. வரவேற்புரை முடிவதே இல்லை. 128 தட்டில் 64 பார் (பாருக்கு நான்கு தட்டு) ஏறுமுகம், சரியாக இரண்டு நிமிடம். மேல் ஓசையை மறைக்கும் ஃபில்டர் 200 ஹெர்ட்ஸில் தொடங்கி 12,000 வரை திறக்கும். ஸ்னேர் டிரம் முதல் 32 பாருக்குத் தட்டுக்கு ஒன்று, அடுத்த 16-க்கு இரண்டு, அடுத்த 8-க்கு நான்கு, கடைசி 8-க்கு எட்டு. உச்சத்தில் எல்லாம் வெடிக்க வேண்டிய இடத்தில் “பெருமதிப்பிற்குரிய” என்று அடுத்த விளி ஆரம்பிக்கும், ஃபில்டர் திரும்ப 200-க்கு விழும். மூன்று முறை இப்படி. டிராப், அதாவது ஏற்றத்துக்குப் பிறகு தாளம் முழு வீச்சில் இறங்கும் இடம், வராது.

நான்காவது ‘ஐம்பது ஹெர்ட்ஸ்’. பராமரிப்புப் பணிக்கான மின்தடை அறிவிப்பே பாட்டு வரிகள், காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை. பாட்டின் சுருதி மின்சார ரீங்காரம்.

ஐந்தாவது ‘ஒன்பதை அழுத்தவும்’. வாடிக்கையாளர் சேவை எண்ணின் தானியங்கிக் குரல். மெட்டு முழுவதும் போன் பொத்தான் ஒலிகளால் ஆனது.

ஆறாவது ‘ஏ.சி. வசதியுடன் மலைக்காற்று’. சேர்வராயன் மலையில் மரத்தை வெட்டிக் கட்டிய விடுதிக்கு மரத்தின் பெயரையே வைக்கிறவர்களைப் பற்றி. 70 தட்டு, தாளம் பாதிக்கு மேல்தான் வரும்.

கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோரிமேடு_பேஸ்

வாழ்த்துகள் நண்பரே. நான்காவது பாட்டில் ரீங்காரத்தைச் சுருதியாக வைத்தால் மற்ற கருவிகள் சேராதே? 50 ஹெர்ட்ஸ் எந்தக் கட்டையிலும் உட்காராது. கிக் டிரம்மும் அதே இடத்தில்தான் இருக்கும். இன்னொன்று, பெரும்பாலானவர்கள் போன் ஸ்பீக்கரில்தான் கேட்பார்கள். அதில் 50 கேட்கவே கேட்காது.

ஓசைத்தறி

மூன்றுமே சரியான கேள்வி.

சுருதி: கீபோர்டில் 50-க்கு மிக அருகில் இருப்பது 49.0 ஹெர்ட்ஸ் ‘ஜி’. அதைவிட 50 என்பது 35 சென்ட் கூடுதல் (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்). ஆகவே ரீங்காரத்தை இழுக்காமல் மற்ற எல்லாவற்றையும் 35 சென்ட் ஏற்றினேன். மென்பொருளில் ‘ஏ’ சுரத்தை 440-க்குப் பதில் 449 என்று வைத்தால் போதும். சின்த் எல்லாம் கீழ்ப்படியும். சாம்பிள்களை மட்டும் தனித்தனியாக ஏற்ற வேண்டும், அவை அந்த அமைப்பைக் கவனிப்பதில்லை. ஒரு சாம்பிள் விடுபட்டாலும் பாட்டு முழுக்கப் பல் கூசும்.

கிக்: ரீங்காரத்தின் அடிச்சுரத்தைக் கிக் விழும்போது மட்டும் அமுக்குகிறேன். சைட்செயின் கம்ப்ரெஸர், அட்டாக் (அமுக்கும் வேகம்) 1 மில்லிவிநாடி, ரிலீஸ் (விடும் வேகம்) 120, குறைப்பு 6 டெசிபல். கிக்கின் அடிச்சுரத்தையும் 50-க்கே சேர்த்திருக்கிறேன். சற்றே விலகி 53, 54-இல் வைத்தால் விநாடிக்கு மூன்று நான்கு முறை அலையும். அந்த அலைவு பெரிய ஸ்பீக்கரில் வயிற்றைக் கலக்கும்.

போன் ஸ்பீக்கர்: 300, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் பெரிதாக ஒன்றும் வராது. ஆனால் 50-இன் மடங்குகள் 350, 400, 450 என்று வரிசையாகக் கேட்டால் காது அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். அதற்காக ரீங்காரத்தைப் பிரதி எடுத்து, மேல் மடங்குகளைக் கூட்டும் சாச்சுரேஷன் கொடுத்து, 300-க்குக் கீழே வெட்டி, மூலத்தோடு மெல்லிதாகச் சேர்த்தேன்.

கூடவே ஒன்று. தெருவோர ட்ரான்ஸ்ஃபார்மர் ரீங்காரம் 50 இல்லை, 100. இரும்பு உள்ளகம் மின்னோட்டத்தின் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு தடவை விரிந்து சுருங்கும். அதனால் இரட்டிப்பு. பதிவு செய்து சுருதி பார்க்கிறவர்கள் ஒரு ஸ்தாயி மேலே வருகிறதே என்று திகைக்க வேண்டாம்.

மைக்செட்

தம்பி, மேடைல இந்தப் பாட்டைப் போடறப்ப ஒரு விவகாரம் இருக்கு. ஈபி கரன்ட்ல 50 கிட்டத்தட்ட நிலையா இருக்கும். கிரிட் விதிப்படி 49.90-லிருந்து 50.05-க்குள்ள வெச்சுக்கணும், 49.90-க்கே போனாலும் மூணு நாலு சென்ட்தான் வித்தியாசம், காதுக்குத் தெரியாது. ஆனா ஜெனரேட்டர்ல ஓட்டினா கதை வேற. லோடு இல்லாதப்ப டீசல் ஜெனரேட்டர் 52 வரைக்கும் போகும். அது 68 சென்ட். ஹால்ல இருக்கிற நிஜ ஹம் (ரீங்காரம்) ஒரு சுருதி, உன் பாட்டு வேற சுருதி.

அதனால நிஜ ஹம்மை முழுசா ஒழிச்சுட்டு, பாட்டுக்குள்ள இருக்கிற ஹம்மை மட்டும் விடு. லேப்டாப் சார்ஜர், மிக்ஸர், ஆம்ப் எல்லாத்தையும் ஒரே பாயின்ட்லருந்து எடு. லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவுல ட்ரான்ஸ்ஃபார்மர் வெச்ச டிஐ பாக்ஸ் (சிக்னலை மட்டும் கடத்துற பெட்டி) போட்டு, சிக்னல் கேபிளோட எர்த் தொடர்பைப் பிரிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் அழுத்து. சில பேரு பிளக்ல எர்த் பின்னைக் கழட்டிடுவாங்க. ஹம் போகும், மைக்கைத் தொடறவன் உயிரும் போகலாம். அதை யாரும் செய்யாதீங்க.

அப்புறம் மூணாவது பாட்டுல குரல் புனல் ஸ்பீக்கர்ல வர்ற மாதிரி இருக்கே, நிஜப் புனலா, மென்பொருள் பிளக்இன்னா?

ஓசைத்தறி

நிஜப் புனல்தான் அண்ணா. பிளக்இன்னும் முயற்சிக்கு உகந்ததே, எல்லை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். புனலில் 20-இலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை 20 விநாடி சைன் ஸ்வீப் (தாழ்விலிருந்து ஏறும் ஒற்றைச் சுரம்) ஓட்டி, பதிவு செய்து, இம்பல்ஸ் (அந்த ஒலிக்குணத்தின் அச்சு) எடுத்தால் அதன் அலைவரிசைக் குணமும் கூடத்தின் எதிரொலியும் வரும். உரக்கப் பேசும்போது புனல் சிதறிப் பிளிறும் பிளிறல் வராது. இம்பல்ஸ் என்பது நேர்கோட்டுக் குணத்தை மட்டும் பிடிக்கும். வரவேற்புரையின் அதிகாரமே அந்தப் பிளிறலில்தான் இருக்கிறது.

நிஜப் புனலில் செய்கிறவர்களுக்கு: குரலை முதலில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே செங்குத்தாக வெட்டுங்கள், ஆம்புக்குப் போவதற்கு முன்பே. புனல் யூனிட்டின் டயஃப்ரம் மிக மெல்லியது, தாழ் ஓசை போனால் கிழிந்துவிடும். ஒரு மைக் புனலுக்கு நேரே ஒரு மீட்டரில், இன்னொன்று பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவிநாடி ஆகும். தூரத்து மைக்கின் தாமதம் 30 மில்லிவிநாடியை எட்டும்போதுதான் பொதுக்கூட்ட வாடை வரும். அந்தத் தாமதத்தைச் சரிசெய்கிறேன் என்று இரண்டு டிராக்கையும் ஒட்டவைத்துவிடாதீர்கள்.

இளம்பிள்ளை_தறி

தறி ஓசையில் ஒரு திருத்தம் சொல்லணும். கொட்டகையில் ஒரு தறி தனியாக ஓடுவது அபூர்வம். எட்டு, பத்து ஓடும். எதுவும் ஒரே வேகத்தில் ஓடாது. பெல்ட் வழுக்கும், சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் எல்லாமே மந்தமாகும். 120-இல் ஒரே தறியைச் சீராக அடுக்கினால் அது மெட்ரோனோம், தறி இல்லை. முன்னோட்டத்தில் கேட்ட வரை அப்படித்தான் இருந்தது.

அதைவிட முக்கியமாக: “ரெண்டு எடுத்தால் ரெண்டு இலவசம்” என்று கிண்டல் செய்யும் இடத்தில் பின்னணியில் தறி ஓடினால், நெய்கிறவனையும் சேர்த்துச் சிரிப்பதாக ஆகிவிடாதா? சேலை விலையைக் குறைத்துக் கூவுகிறவன் யார், கூலியில் அதை இழப்பவன் யார் என்று பாட்டில் பிரிந்து தெரிய வேண்டும்.

ஓசைத்தறி

முன்னோட்டத்தில் இருப்பது முதல் முப்பது விநாடி மட்டும். அதன் பிறகு இன்னும் இரண்டு தறி நுழையும். மூன்றும் 120, 118, 123. 120-உம் 118-உம் முப்பது விநாடிக்கு ஒருமுறை சேரும், 120-உம் 123-உம் இருபது விநாடிக்கு ஒருமுறை. மூன்றும் ஒன்றாக விழுவது சரியாக நிமிடத்துக்கு ஒருமுறை. அறிவிப்புக் குரல் அந்தச் சந்திப்பு வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கப் பறக்கும். மூன்று தறியும் ஒன்றாக விழும் அடியில் குரல் அறுந்துவிடும். அப்போது தறி மட்டும் நான்கு பார் ஓடும். அந்த நான்கு பாரில்தான் கூலி பற்றிய வரி, பாடப்படாமல், சாதாரணப் பேச்சாக.

இடத்தையும் பிரித்தேன். அறிவிப்பு எப்போதும் நடுவில், ஒற்றைத் தடத்தில், 400-இலிருந்து 4,000 ஹெர்ட்ஸுக்குள். தறிகள் இடமும் வலமும் அகன்று, முழு அலைவரிசையோடு. பேச்சு வரி தறியின் பக்கத்திலிருந்து வரும், எந்த எஃபெக்ட்டும் இல்லாமல். யார் பொய்க்குரல், யார் மெய்க்குரல் என்று கண்ணை மூடினாலும் தெரியும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் தறிகளை ஒற்றைத் தடமாக்கியிருக்கிறேன், இல்லையேல் பெரிய ஸ்பீக்கரில் அடி கலங்கும்.

நீங்கள் சொன்ன வோல்டேஜ் இறக்கம் அருமையான யோசனை. இரண்டாம் நிமிடத்துக்குப் பிறகு மூன்று தறியையும் சேர்த்து ஐந்து விழுக்காடு மந்தமாக்கிப் பார்க்கிறேன். மூன்றும் ஒரே விகிதத்தில் குறைவதால் சந்திப்பு கெடாது, அறுபது விநாடிக்குப் பதில் அறுபத்து மூன்றாகும்.

இளம்பிள்ளை_தறி

அப்படியானால் சரி. பதிவு செய்யப் போகிறவர்கள் கவனிக்க: கொட்டகைக்குள் ஓசை 90 டெசிபலுக்கு மேல் இருக்கும். போனில் தானியங்கி லெவலை அணைக்காவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் ஓசை அமுங்கி எழும், பிறகு எதுவும் செய்ய முடியாது. ரெக்கார்டரில் 20 டெசிபல் பேட் (உள்ளே வரும் ஓசையைக் குறைக்கும் அமைப்பு) போட்டுக்கொள்ளுங்கள். காதடைப்பானும்.

முகவீணை

நெசவாளர் பற்றிய கேள்வி இந்த ஆல்பத்துக்கே மையமானது என்று நினைக்கிறேன். தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என்று இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாக வைவது ஒன்று, பழியை மறைத்து வைப்பது இன்னொன்று. தங்கள் ஆறு பாட்டில் ‘சிறப்பு விருந்தினர்’ கரந்த வகை. புகழ்மொழியைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை, புகழ் முடியாமல் நீள்வதே வசை. ‘ஏ.சி. வசதியுடன் மலைக்காற்று’ செம்பொருள், நேரே சொல்லிவிடுகிறது. என் கணக்கில் கரந்த வகையே பலம் கூடியது. ஆறாவதின் கடைசிச் சரணத்தில் மரத்தின் பெயரையும் அறை வாடகையையும் மட்டும் வரிசையாக வாசித்தாலே போதும், கண்டன வரி வேண்டாம்.

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் கோமாளி கதைக்கு உள்ளேயும் நிற்பான், வெளியேயும் நிற்பான். ராஜா பாடுவார், கோமாளி பேசுவான். பாட்டும் பேச்சும் மாறுகிற இடத்தில்தான் சிரிப்பு. தறிப் பாட்டில் அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

ஐந்தாவது பாட்டின் வோகோடர் குறித்துக் கேட்க வேண்டும். பெரும்பாலான வோகோடர் பாட்டில் தமிழ் பாழாகிவிடுகிறது. வலி, வழி, வளி எல்லாம் ஒன்றாகக் கேட்கும். இதில் தெளிவாக இருக்கிறதே?

ஓசைத்தறி

ஆறாவது பற்றிச் சொன்னதை ஏற்கிறேன் ஐயா. அந்தச் சரணத்தைப் பட்டியலாக மாற்றிவிடுகிறேன்.

வோகோடருக்குத் தமிழில் நான்கு விஷயம் பார்க்க வேண்டும்.

பட்டைகளின் எண்ணிக்கை, அதாவது குரலை எத்தனை அலைவரிசைத் துண்டாகப் பிரிக்கிறோம் என்பது. பழைய பாணியில் 8 பட்டை வைத்தால் ல, ள, ழ மூன்றும் கலந்துவிடும். ழகரத்தில் மூன்றாவது ஃபார்மன்ட் (வாயின் வடிவம் உண்டாக்கும் ஒலிமுகடு) தாழ்ந்து இரண்டாவதை நெருங்குகிறது. அந்த நெருக்கம் ஆண்குரலில் ஏறக்குறைய 1,500–2,500 ஹெர்ட்ஸ் பகுதியில் தெரியும். அங்கே ஒரே ஒரு பட்டை இருந்தால் எப்படிப் பிரியும்? நான் 24 பட்டை வைத்து, அதில் ஆறை அந்தப் பகுதிக்கே கொடுத்தேன்.

ரிலீஸ். ‘படம்’, ‘பட்டம்’ இரண்டுக்கும் வேறுபாடு பெரிதும் வாயடைப்பின் நீளம். ரிலீஸ் 100 மில்லிவிநாடி என்றால் அந்த அமைதியை முந்தைய உயிரின் வால் நிரப்பிவிடும், பட்டம் படமாகிவிடும். 20-இலிருந்து 30-க்குள் வையுங்கள். அட்டாக் 2 அல்லது 3. இதைவிடக் குறைத்தால் கரகரப்பு வரும்.

கேரியர், அதாவது குரலின் வடிவத்தை ஏற்றும் சின்த் ஒலி. சைன், ட்ரையாங்கிள் எல்லாம் உதவாது, போதிய மேல் மடங்குகள் இல்லாமல் மெய்யெழுத்து எதில் ஒட்டும்? இரண்டு ஸா அலை, ஏழு சென்ட் விலக்கி, 110 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில். சகரத்துக்கும் வடமொழி ஸ, ஷவுக்கும் 4,000-க்கு மேலே வெறும் இரைச்சலைக் கேரியரோடு சேர்க்க வேண்டும்.

நான்காவதுதான் பலர் விடுவது. மூலக் குரலின் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியை மட்டும் வோகோடருக்கு அடியில் 12 டெசிபல் தாழ்த்திக் கலந்துவிடுங்கள். இயந்திரக் குரல் கெடாது, சொல் பிழைத்துவிடும்.

பொத்தான் ஒலிகள் பற்றி: ஒவ்வொரு பொத்தானும் இரண்டு சுரம். 1 என்பது 697-உம் 1,209-உம். 9 என்பது 852-உம் 1,477-உம். 1, 2, 3 மூன்றுக்கும் கீழ்ச்சுரம் ஒன்றே என்பதால் அந்த வரிசையில் அடுத்தடுத்து அழுத்தினால் சுருதிப்பெட்டி மேல் மெட்டு ஏறுவதுபோல் இருக்கும். 697 ஏறக்குறைய ‘எஃப்’ சுரமே, அதனால் அதை ஸட்ஜமாக வைத்தேன். அப்போது 1,209 தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவில் தொங்கும். எதற்கும் தீர்வு கிடைக்காத அந்தத் தொங்கலை நான் திருத்தவில்லை. சுருதித் திருத்தி போடுகிற பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பாட்டில் கை வைக்காதீர்கள். மறுமுனைக் குரல் மட்டும் 300-இலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரை, 8 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் வேகத்தில்.

நாகலூர்_மழை

மலைப் பாட்டில் காற்று ஓசை எங்கே எடுத்தீங்க என்று கேட்கவில்லை, எப்படி எடுத்தீங்க என்று சொல்லுங்க. சில்வர் ஓக் மரத்தடியில் மைக் வைத்தால் இலைச் சலசலப்பு வெறும் இரைச்சலாகத்தான் வருகிறது. ஸ்பாஞ்ச் உறை போட்டும் பொம் பொம் என்று அடிக்கிறது.

ஓசைத்தறி

ஸ்பாஞ்ச் வீட்டுக்குள் மூச்சுக்காற்றுக்கு மட்டும் போதும் அக்கா. மலையில் ரோம உறை கட்டாயம், அதற்குள் கூண்டு இருந்தால் இன்னும் நல்லது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீக்கும் தாழ்வெட்டை ரெக்கார்டரிலேயே போடுங்கள். பொம் அடி மைக்கை முட்டிய பிறகு மென்பொருளில் வெட்டிப் பயனில்லை.

சில்வர் ஓக் இலை மெல்லியது, பிளவுபட்டது, எல்லாம் ஒரே சமயம் அசையும். அதனால்தான் ஓசை தட்டையாக வருகிறது. காப்பிச் செடி இடுப்பு உயரத்தில் தடித்த இலையோடு இருப்பதால் மழைத்துளி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழும். மைக்கைச் செடி மட்டத்துக்கு இறக்குங்கள். பாட்டில் ஹைஹேட் இருக்க வேண்டிய இடத்தில் அந்தத் துளிகள்தான், ட்ரான்ஸியன்ட் (ஓசையின் முதல் தெறிப்பு) பார்த்து வெட்டி, பதினாறில் ஒரு பங்கு கட்டத்துக்கு ஐம்பது விழுக்காடு மட்டும் நகர்த்தியவை. முழுதாகக் கட்டத்தில் உட்காரவைத்தால் மழை போய்த் தட்டச்சு வந்துவிடும். ஏ.சி. வெளியலகின் இரைச்சல் முதல் நிமிடத்திலிருந்தே அடியில் இருக்கிறது, மிக மெல்லியதாக. கடைசியில் மழை நின்றதும் அதுதான் மிஞ்சும்.

செவ்வாய்ப்பேட்டை_808

எனக்கு ஒரு மாற்றுக்கருத்து. ‘சிறப்பு விருந்தினர்’ல மூணு ஏத்தம், ஒரு டிராப்கூட இல்லைங்கிறது கேட்கிறவங்களைப் பட்டினி போடறது. முதல் ஏத்தத்துல சிரிப்பாங்க, ரெண்டாவதுல புரிஞ்சுக்குவாங்க, மூணாவதுல அடுத்த பாட்டுக்குப் போயிடுவாங்க. கடைசியா ஒரு 16 பாராவது 808 டிரம் மெஷின் கிக்கோட இறக்கி விடுங்க. ஆடறதுக்கு வந்தவங்களை ஆட விடணும்.

முகவீணை

டிராப் வந்தால் விருந்தினர் பேசி முடித்துவிட்டார் என்று பொருளாகிவிடும். பாட்டின் உண்மையே போய்விடும்.

செவ்வாய்ப்பேட்டை_808

பொருள் சரிதான் ஐயா. ஆனா ஆறு நிமிஷம் ஏத்தம் மட்டும் கேட்க உடம்பு ஒத்துக்காது. பொருளுக்காக உடம்பை மறந்தா அது எலெக்ட்ரானிக் பாட்டே இல்லை.

ஓசைத்தறி

இரண்டு பேர் சொல்வதற்கும் இடமிருக்கிறது. டிராப் வைக்க மாட்டேன், அதில் முகவீணை ஐயா பக்கம்தான். ஆனால் மூன்று ஏற்றமும் ஒரே நீளம் என்பதை மாற்றலாம். இப்போது 64, 64, 64. இதை 64, 32, 16 ஆக்கினால் இரண்டு நிமிடம், ஒரு நிமிடம், முப்பது விநாடி. மொத்தம் மூன்றரை நிமிடம். விளிகள் நெருங்க நெருங்க மூச்சு முட்டும், கேட்கிறவர் எழுந்துபோக நேரமும் இருக்காது. ஏற்றங்களுக்கு நடுவே “மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ” என்று எண்ணுகிற இடத்தில் நான்கு பார் கிக் வைக்கிறேன். ஆடுகிறவர்களுக்கு அந்த நான்கு பார்.

கோரிமேடு_பேஸ்

நல்ல தீர்வு. அறிவிப்பு, வரவேற்புரை எல்லாம் நிஜப் பதிவுகளா? உரிமைப் பிரச்சினை வராதா? மாஸ்டரிங் (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச்சீர்) அளவும் சொல்லிவிடுங்கள்.

ஓசைத்தறி

எல்லாக் குரலும் புதிதாக எழுதிப் புதிதாகப் பதிவு செய்தவை. பிறர் பதிவை எடுத்து ஒட்டினால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே வரும். 52-ஆம் பிரிவில் விமர்சனத்துக்கு விலக்கு உண்டு என்றாலும் அதை நம்பி ஆல்பம் வெளியிடக் கூடாது, வழக்கு வந்த பிறகு சொல்லும் வாதம் அது. குறிப்பிட்ட ஒருவரின் குரலைப் போலச் செய்வதையும் தவிர்த்தேன். கிண்டல் வழக்கத்தின் மேல் இருக்க வேண்டும், ஆள் மேல் வேண்டாம்.

மாஸ்டரிங்கில் சராசரி உரப்பு மைனஸ் 14 லஃப்ஸ் (LUFS, உரப்பின் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபல். அதற்கு மேல் ஏற்றினால் ஸ்ட்ரீமிங் தளங்கள் பலவும் தாமே இறக்கிவிடும், நசுங்கினது மட்டும் மிஞ்சும். மூன்றாவது பாட்டு மட்டும் மைனஸ் 10. புனல் அப்படித்தான் பேசும்.

ரீமிக்ஸ் செய்ய விரும்புகிறவர்களுக்கு எல்லாப் பாட்டின் ஸ்டெம் கோப்புகளும் (தனித்தனித் தடங்கள்) தருகிறேன், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். நான்காவதைத் திறக்கும் முன் உங்கள் மென்பொருளில் 449 வையுங்கள். முதல் பாட்டுக்கு டெம்போ வரைபடத்தைத் தனி மிடி கோப்பாக இணைத்திருக்கிறேன், அதை முதலில் ஏற்றிவிட்டு ஸ்டெம்களை இழுத்து வையுங்கள். ஓசையை டெம்போவுக்கு இழுக்கும் வார்ப் அணைந்திருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.